எட்டுப் பேர், 1600 காசு: பேன்டஸி கால்பந்து ஏலத்துக்கு நான் போட்ட விலைப்பட்டியல்

பேன்டஸி கால்பந்து என்பது நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி பெறும் விளையாட்டு. அந்த ஆட்டக்காரர்களை நண்பர்களுக்குள் ஏலம் கேட்டு எடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஏலத்துக்கு ஒரு விலைப்பட்டியல் தயார் செய்து, அதை வைத்துக்கொண்டே ஏலத்தை முழுதாக ஓட்டிவிட வேண்டும் என்பது என்னுடைய பல நாள் முயற்சி. 2024 ஆகஸ்ட் 15 அன்று மதுரை தல்லாகுளத்தில் நண்பர் வீட்டு மாடியில் நடந்த ஏலத்தில்தான் அது ஒரு வழிக்கு வந்தது. அந்தக் கணக்கு, அதற்கு வாங்கிய சாமான், செலவு, எங்கே இடித்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்பதையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன். நண்பர்களைச் சேர்த்து இப்படி ஒரு ஏலம் நடத்த நினைப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

முதலில் எங்கள் விதி. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஞாயிறு காலையில் பந்து ஆடும் கூட்டத்தில் எட்டுப் பேர். ஆளுக்கு 200 காசு. இது நிஜப் பணம் இல்லை, ஏலத்துக்கு மட்டும் செல்லும் கணக்கு. ஆட்டத்தில் கிடைக்கும் புள்ளியோடு குழம்பிவிடக் கூடாது என்று காசு என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவரும் 15 ஆட்டக்காரர்களை எடுக்க வேண்டும்: 2 கோல்கீப்பர், 5 டிபென்டர் (பின்வரிசை), 5 மிட்பீல்டர் (நடுவரிசை), 3 பார்வர்டு (முன்வரிசை). ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. வாராவாரம் 11 பேரை இறக்குகிறோம், 1-4-4-2 (1 கோல்கீப்பர், 4 டிபென்டர், 4 மிட்பீல்டர், 2 பார்வர்டு) என்று நிலையான அமைப்பு. புள்ளி எல்லாம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ பேன்டஸி ஆட்டத்தில் கொடுக்கும் அதே புள்ளிதான். பார்வர்டு கோல் அடித்தால் 4, மிட்பீல்டர் அடித்தால் 5, டிபென்டர் அடித்தால் 6. கோலுக்குப் பந்து கொடுத்தால் 3. எதிரணி கோல் போடாமல் முடிந்தால் டிபென்டருக்கும் கோல்கீப்பருக்கும் 4, மிட்பீல்டருக்கு 1.

இந்தப் புள்ளி விதியிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சலா, பால்மர் போன்றவர்கள் களத்தில் முன்னால் நின்று ஆடினாலும் அந்த அதிகாரபூர்வ ஆட்டத்தின் அப்போதைய பட்டியலில் மிட்பீல்டர்கள். அதனால் அவர்கள் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புள்ளி கூடுதல். மிட்பீல்டரைத் தேடும்போது பட்டியலில் மிட்பீல்டர், களத்தில் பார்வர்டு என்று இருப்பவர்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி விலைக்கணக்கு. எட்டுப் பேர், ஆளுக்கு 200, ஆக மொத்தம் 1600 காசு. விற்க வேண்டிய ஆட்கள் 120. யாரையும் 1 காசுக்குக் குறைத்து வாங்க முடியாது என்பதால் 120 காசு அதற்கே போய்விடும். மிச்சம் 1480. இந்த 1480-ஐ 120 பேருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

இதற்கு எல்லோரும் கையாளும் வழி ஒன்று உண்டு. ஏலம் முடிந்த பிறகும் யாரும் எடுக்காமல் கிடக்கப்போகும் ஆட்களில் நல்லவர் யார் என்று பார்ப்பது. அவர் எத்தனை புள்ளி எடுப்பாரோ அதுதான் அடிமட்டம். அந்த அளவுக்கு மேல் ஒருவர் எடுக்கும் புள்ளிக்குத்தான் காசு. அடிமட்டத்தில் இருப்பவர் சும்மாவே கிடைக்கிறாரே, அவருக்கு எதற்கு விலை?

2023-ல் இதே முறையில் போட்ட பட்டியலில் 17-வது கோல்கீப்பர், 41-வது டிபென்டர், 41-வது மிட்பீல்டர், 25-வது பார்வர்டு ஆகியோரை அடிமட்டமாக வைத்திருந்தேன். 16, 40, 40, 24 என்று எடுக்கப்போகிறோம், அதற்கு அடுத்தவர் அடிமட்டம். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் ஏலத்தில் உதவவே இல்லை. நட்சத்திர ஆட்டக்காரர் யார் வந்தாலும் என் பட்டியல் சொன்ன விலையைத் தாண்டி 15, 20 காசு கூடப் போனது. பட்டியலை நம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் கடைசியில் பெஞ்ச் மட்டும் பிரமாதமாக அமைந்தது.

கோளாறு பெஞ்சில்தான் இருந்தது. 15 பேரை எடுத்தாலும் புள்ளி கொண்டுவருவது 11 பேர். மிச்சம் 4 பேர் யாருக்காவது அடிபட்டால் மட்டுமே உள்ளே வருவார்கள். அந்த 4 பேருக்கும் முழு விலை போட்டதால் மேலே இருப்பவர்களின் விலை இறங்கிவிட்டது. சரி, இறங்கும் 11 பேரை மட்டும் எண்ணினால்? எட்டு அணிக்கும் சேர்த்து 8 கோல்கீப்பர், 32 டிபென்டர், 32 மிட்பீல்டர், 16 பார்வர்டு, ஆக 88 பேர். அடிமட்டம் இப்போது 9-வது கோல்கீப்பர், 33-வது டிபென்டர், 33-வது மிட்பீல்டர், 17-வது பார்வர்டு. மிச்சம் 32 பேரும் பெஞ்ச், எல்லோருக்கும் விலை 1.

மான்செஸ்டர் சிட்டி பார்வர்டு ஹாலண்டை எடுத்து இரண்டு முறையிலும் போட்டுக் காட்டுகிறேன். 2022-23-ல் அவர் எடுத்தது 272 புள்ளி, 36 கோல். 2023-24-ல் 217 புள்ளி, 27 கோல். அடிபட்டு உட்காரும் வாரங்களையும் நினைவில் வைத்து அடுத்த சீசனுக்கு 230 என்று போட்டேன். பழைய முறையில் பார்வர்டுக்கு அடிமட்டம் 80, கூடுதல் 150. எல்லா ஆட்டக்காரர்களின் கூடுதல் புள்ளியையும் கூட்டினால் 3700 வந்தது. 1480-ஐ 3700-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 0.4 காசு. குறைந்தபட்ச 1 காசையும் சேர்த்தால் ஹாலண்டின் விலை 61. புதிய முறையில் அடிமட்டம் 100, கூடுதல் 130. ஆனால் மொத்தக் கூடுதல் 2500-ஆகச் சுருங்கிவிட்டதால் புள்ளிக்கு 0.592 காசு. ஹாலண்டின் விலை 78. ஒரே ஆள், ஒரே புள்ளி, 17 காசு வித்தியாசம். போன ஏலத்தில் நான் எட்டிப் பிடிக்க முடியாமல் போன அதே இடைவெளி.

சலாவுக்கும் 230 போட்டேன். 2022-23-ல் 239, 2023-24-ல் 211 எடுத்தவர். மிட்பீல்டருக்கு அடிமட்டம் 115, கூடுதல் 115, விலை 69. சாகா 54, வாட்கின்ஸ் 54, பால்மர் 51, ஃபோடன் 51, இசாக் 48 என்று இறங்கிக்கொண்டே வந்தது. கோல்கீப்பர்களில் யாருமே 5-ஐத் தாண்டவில்லை. 20 கிளப்புக்கு 20 கீப்பர், அதில் எங்களுக்கு வேண்டியது 16, இறங்குவது 8 பேர் மட்டும். 3-வது கீப்பருக்கும் 9-வது கீப்பருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கீப்பருக்காக ஏலத்தில் மல்லுக்கட்டுவது வீண் என்று பட்டியலே சொல்லிவிட்டது.

எம்பியூமோவுக்கு விலை போடத்தான் அதிக நேரம் எடுத்தது. அப்போது பிரென்ட்ஃபோர்டு ஆட்டக்காரர், பட்டியலில் மிட்பீல்டர். 2023-24-ன் நடுவில் கணுக்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் ஆடவில்லை. ஆக, போன சீசன் மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அவர் படமாட்டார். ஆனால் அதே சீசன் தொடக்கத்தில் அந்தக் கிளப்பின் பார்வர்டு டோனி ஆடத் தடையில் இருந்தபோது பெனால்டி அடித்தது இவர்தான். 2024 ஆகஸ்டில் டோனி கிளப்பை விட்டுப் போகக்கூடும் என்ற பேச்சு பலமாக இருந்தது. டோனி இருந்தால் 140 புள்ளி, போய்விட்டால் 165 என்று இரண்டு விதமாகப் போட்டேன். போவதற்கு வாய்ப்பு சற்று அதிகம் என்று வைத்ததில் 154 வந்தது. விலை 24. இப்படி இரண்டாகப் பிரித்துப் போடும் வேலையை ஒரு பத்துப் பேருக்காவது செய்துவிடுங்கள். எல்லோரும் ஒரே விலை சொல்லும் ஹாலண்டிடம் லாபம் எதுவும் வராது. வருவது இந்த மாதிரி ஆட்களிடம்தான்.

அப்புறம் சாமான். எக்ஸெல் பட்டியலை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு ஏலம் கேட்பது எனக்குச் சரிப்படவில்லை. ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குள் மூன்றாவது தரம் சொல்லிவிடுகிறார்கள். அதனால் எல்லாம் காகிதத்துக்கு மாறியது. டவுன்ஹால் ரோட்டில் மூன்றுக்கு இரண்டு அடி ஒயிட் போர்டு ஒன்று 650 ரூபாய், மார்க்கர் நான்கு 100 ரூபாய், கட்டம் போட்ட நீள நோட்டு 60 ரூபாய். ஆட்டக்காரர் பெயர் எழுத அட்டை வேண்டும். தெரிந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கட்டாகக் கட்டி 40 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். விசிட்டிங் கார்டு அளவுக்குக் கொஞ்சம் பெரிது, நல்ல கெட்டி அட்டை, மார்க்கர் மை பின்பக்கம் ஊறவில்லை. விலைப்பட்டியல் பிரிண்டு எடுத்தது 20 ரூபாய். ஆக மொத்தம் 870. போர்டு வருஷா வருஷம் இருக்கும்.

பிரிண்டில் ஆட்களை அகரவரிசையில் அடிக்காமல் ஆடும் இடத்தை வைத்துப் பிரித்து, அதற்குள் விலை வாரியாகத் தட்டுத் தட்டாக அடித்தேன். கிட்டத்தட்ட ஒரே விலை உள்ளவர்கள் ஒரு தட்டு. தட்டுக்குக் கீழே தடித்த கோடு. ஏலத்தில் ஒரு ஆள் விற்றதும் பென்சிலால் அடித்துவிட வேண்டும். ஒரு தட்டில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியிருந்தால் அந்த ஆளுக்கு விலை எகிறும். அவர் வரும்வரை காத்திருக்காமல் முந்தைய ஆளிடமே முடித்துக்கொள்வது நல்லது. இதைக் கண்ணால் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள அந்தக் கோடு போதும்.

ஏலத்துக்கு முந்தைய ஞாயிறு ஒத்திகை வைத்தோம். நான்கு பேர், ஆளுக்கு இரண்டு அணி. ஏலம் விட்டது நண்பரின் பெரியப்பா. பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டியில் பல வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கால்பந்து பார்க்கிற பழக்கம் இல்லை. ஆனால் ஏலம் விடுவதில் அவர் குரலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தரம் என்று சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார், பிறகு ரெண்டு தரம், பிறகு கொஞ்சம் நிறுத்தி மூணு தரம். யாருக்கும் அவசரமும் இல்லை, இழுத்தடிப்பும் இல்லை.

ஒத்திகை பாதியில் இருக்கும்போது அவர் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, எல்லாரும் பேப்பரையே பாத்துக்கிட்டு இருக்கீக. யார் கையில எம்புட்டு மிச்சம் இருக்குன்னு யாருப்பா எழுதுறது?” போர்டில் யார் யாரை என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் மிச்சத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. “மண்டியில சரக்கப் பாக்குறது கால்வாசிதான். எதிர்ல நிக்கிறவன் மடியில என்ன இருக்குன்னு பாக்குறது முக்கால்வாசி” என்றார்.

எனக்கு இந்த முழு வேலையிலும் கிடைத்த பெரிய பாடம் அதுதான். விலைப்பட்டியல் என்பது ஏலம் தொடங்கும் நிமிஷத்துக்கு மட்டும் சரி. முதல் ஆள் விற்றவுடனே அது பழசாகிவிடுகிறது. ஏனென்றால் அறையில் மிச்சமிருக்கும் காசும், மிச்சமிருக்கும் ஆட்களின் மதிப்பும் ஒரே அளவில் குறைவதில்லை.

அன்றிரவே நோட்டில் புதிதாக ஒரு பக்கம் போட்டேன். எட்டுப் பேருக்கு எட்டுப் பத்தி. ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள்: மிச்சக் காசு, மிச்ச இடம், மேல்வரம்பு. மேல்வரம்பு என்பது அவர் ஒரு ஆளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கேட்க முடியும் என்பது. மிச்சக் காசிலிருந்து, மிச்ச இடத்தில் ஒன்று குறைத்து வருவதைக் கழித்தால் கிடைக்கும். 64 காசும் 6 இடமும் இருக்கிறவர் மற்ற 5 இடத்துக்கு ஆளுக்கு ஒரு காசு ஒதுக்கியே ஆக வேண்டும், ஆக அவருடைய மேல்வரம்பு 59. பக்கத்தின் அடியில் இன்னொரு கணக்கு: மொத்த மிச்சக் காசிலிருந்து மிச்ச இடங்களைக் கழித்து, அதை மிச்சமுள்ள ஆட்களின் பட்டியல் விலையிலிருந்து அதே மிச்ச இடங்களைக் கழித்து வருவதால் வகுப்பது. வருவது 1-க்கு மேல் இருந்தால் இனிமேல் எல்லாம் விலை ஏறும், 1-க்குக் கீழே இருந்தால் இறங்கும். இதை ஒவ்வொரு விற்பனைக்கும் போட முடியாது. எட்டு விற்பனைக்கு ஒருமுறை போட்டேன், அதுவே போதுமாக இருந்தது.

ஏல நாள். முதல் 40 அட்டைகளைக் குலுக்கி பெரியப்பா ஒவ்வொன்றாக எடுப்பது, அதற்குப் பிறகு முறைவைத்து ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்வது என்பது ஏற்பாடு. முதல் ஏழெட்டு அட்டைக்குள் ஹாலண்ட் வந்துவிட்டார். என் பட்டியலில் 78. ஏலம் 92-ல் முடிந்தது. வாட்கின்ஸ் 61, பால்மர் 62. எல்லோர் கையிலும் 200 முழுதாக இருக்கும் நேரம், ஆசையும் முழுதாக இருக்கும் நேரம். நான் அந்த முதல் மணிநேரத்தில் இரண்டு டிபென்டர்களை மட்டும் 9-க்கும் 8-க்கும் எடுத்தேன். கையில் 183.

24 பேர் விற்று முடிந்ததும் அடிக்கணக்கு போட்டேன். அறை மொத்தமும் செலவழித்தது 976. அந்த 24 பேரின் பட்டியல் விலை 880. மிச்சக் காசு 624, மிச்ச இடம் 96, மிச்ச ஆட்களின் மதிப்பு 720. 528-ஐ 624-ஆல் வகுத்தால் 0.846. அதாவது இனி வரும் ஆட்கள் பட்டியல் விலையில் சுமார் 15 சதவீதம் குறைவாகக் கிடைக்க வேண்டும். அடுத்த அட்டை சலா.

பட்டியலில் 69. இப்போதைய கணக்கில் 58, 59. சலாவின் கிளப்பான லிவர்பூலில் பயிற்சியாளர் கிளாப் போய் ஸ்லாட் புதிதாகப் பொறுப்பேற்ற நேரம், சலாவுக்கு 32 வயது, புதிய ஆள் எப்படி ஆட வைப்பார் என்று அறையில் ஒரு தயக்கம் இருந்தது. நோட்டைப் பார்த்தேன். பால்மரையும் வாட்கின்ஸையும் எடுத்த வங்கிக்கார நண்பரிடம் 69 காசு, 12 இடம், மேல்வரம்பு 58. மற்ற ஆறு பேரில் யாருக்கும் மேல்வரம்பு 52-ஐத் தாண்டவில்லை. 59 என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல அந்த அறையில் ஆளே கிடையாது. என் கணக்கிலும் சலா 59 பெறுவார். ஆக எவ்வளவு மோசமாகப் போனாலும் எனக்கு நஷ்டமில்லை.

40-லிருந்து ஏலம் ஒவ்வொரு காசாக ஏறியது. 52-க்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். 55 என்றார் அவர். 56 என்றேன். அவர் தன் பேப்பரைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், தலையை ஆட்டினார். பெரியப்பா மூணு தரம் சொல்லி அட்டையை என் பக்கம் தள்ளினார். சலா 56-க்கு.

அதற்கப்புறம்தான் நோட்டின் முழு பலனும் தெரிந்தது. என்னிடம் 127 காசு, 12 இடம். மற்ற ஏழு பேரிடமும் சேர்த்து 441 காசு, 83 இடம். நான் ஒரு ஆளை உண்மையாகவே விரும்பினால் என்னை மிஞ்ச யாராலும் முடியாது. இசாக்கை 39-க்கு எடுத்தேன், பட்டியலில் 48. கோர்டன் 24. குவார்டியோல் 15. எம்பியூமோ அட்டை வந்தபோது அறையில் பெரிய சத்தம் எழவில்லை, 16-க்கே முடிந்தது.

40 அட்டையும் முடிந்து பெயர் சொல்லும் சுற்று வந்ததும் வேறு உத்தி. மற்றவர்கள் கையில் இன்னும் காசு இருக்கும்வரை எனக்கு வேண்டாத, ஆனால் அவர்களுக்குப் பிடித்த பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிய கிளப் கோல்கீப்பர்கள், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்கள். காசு கரைந்து எல்லோருடைய மேல்வரம்பும் 3, 4-க்கு வந்த பிறகு எனக்கு வேண்டிய பெயர்களை எடுத்தேன். என் இரண்டு கோல்கீப்பரும் ஆளுக்கு 1 காசு. இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. பிடித்த ஆளை ஒரு சுற்று முன்னால் சொன்னால்கூட 5 காசு கூடப் போய்விடும்.

ஏலம் முடிய மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆனது. 120 பேருக்கு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் சாப்பாட்டுக்கு எழுந்ததைச் சேர்க்காமல். சீசனின் முதல் ஆட்டம் மறுநாள் வெள்ளி நள்ளிரவு தாண்டி, நம்ம நேரம் 12.30-க்கு. அதற்குள் எல்லோரும் தங்கள் அணியைப் பதிவு செய்துவிட்டோம்.

விளைவு எப்படி என்று பார்ப்பதில் கவனம் வேண்டும். 2024-25-ல் சலா 29 கோல் அடித்தார், 18 கோலுக்குப் பந்து கொடுத்தார், 344 புள்ளி. பேன்டஸி ஆட்டத்தில் ஒரு சீசனில் அதற்கு முன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. இசாக் 23 கோல். டோனி ஆகஸ்ட் கடைசியில் சவூதி போய்விட்டார், பெனால்டி எம்பியூமோ வசம் வந்தது, 20 கோல், 236 புள்ளி. ஹாலண்ட் 22 கோல், 181 புள்ளி. எங்கள் எட்டுப் பேரில் நான் முதலாவதாக வந்தேன். ஆனால் இதை வைத்துக் கணக்கு சரி என்று சொல்ல மாட்டேன். என் பட்டியலே சலாவுக்கு 230-தான் போட்டிருந்தது. கூடுதலாக வந்த 114 புள்ளி அவர் காலின் சாமர்த்தியம், என் பட்டியலின் சாமர்த்தியம் அல்ல. நல்ல விலைக்கு எடுத்தேன் என்று நான் நினைத்த கோர்டன் 6 கோலோடு நின்றுவிட்டார்.

ஏலம் நன்றாகப் போனதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஏலம் முடிந்த அன்றே, ஒரு ஆட்டம்கூட தொடங்குவதற்கு முன், எடுத்த 15 பேரின் பட்டியல் விலையைக் கூட்டினேன். 225 வந்தது. செலவு 189. ஹாலண்டை எடுத்தவரின் 15 பேரையும் அதே பட்டியலில் கூட்டினால் 176, அவர் செலவு 200. சீசனில் யாருக்கு அடிபடும் என்று எவராலும் சொல்ல முடியாது. கொடுத்த காசுக்குப் பொருள் வந்ததா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

செலவு 189 என்றால் 11 காசு கையிலேயே தங்கிவிட்டது. இதுதான் இந்த முறை சரிசெய்ய வேண்டிய முதல் இடம். ஏலக் காசை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பெயர் சொல்லும் சுற்றில், எல்லோர் காசும் கரைவதற்கு முன், கிறிஸ் வுட் பெயர் வந்தது. 2023-24-ல் 14 கோல் அடித்தவர், என் பட்டியலில் 8. நான் 8-ல் நிறுத்த, இன்னொருவர் 9-க்கு எடுத்தார். வுட் அந்த சீசனில் 20 கோல் அடித்தார். அவர் அவ்வளவு அடிப்பார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் மூன்றாவது பார்வர்டு இடம் காலியாக இருந்தது, மேலே போவதற்குக் காசும் இருந்தது, அதற்குப் பிறகு பட்டியலில் 5-ஐத் தாண்டிய பார்வர்டே இல்லை. அந்தக் கட்டத்தில் காசின் மதிப்பு என்னைப் பொறுத்தவரை பாதியாகிவிட்டது. பட்டியல் விலை அதைச் சொல்லாது. அதனால் நோட்டில் நான்காவது எண் ஒன்று சேர்க்கப்போகிறேன்: என் மிச்சக் காசுக்கும், நான் எடுக்க நினைக்கும் மிச்ச ஆட்களின் விலைக்கும் உள்ள வித்தியாசம். அது 5-க்கு மேல் போனால் அடுத்து வரும் நல்ல ஆளிடம் அந்த வித்தியாசத்தை முழுதாக வைத்துக் கேட்பது.

அடுத்து நோட்டு. பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்து எழுதியதில் வங்கிக்கார நண்பரின் பத்தியில் தாள் கிழிந்தே போய்விட்டது. இந்த முறை அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்டு எடுத்து லேமினேஷன் போட்டுக்கொள்கிறேன், 30 ரூபாய். ஈரத் துணியால் துடைத்தால் போகும் மார்க்கர் ஒன்று. அடிக்கணக்கை 20-வது விற்பனைக்குப் பிறகு நான்கு விற்பனைக்கு ஒருமுறை போட வேண்டும். சலாவுக்கு முன்னால் அது கையில் தயாராக இருந்தது தற்செயல். அட்டை இரண்டு முன்னால் வந்திருந்தால் பழைய எண்ணை வைத்துத்தான் கேட்டிருப்பேன்.

மேல்வரம்பை எல்லோரும் பார்க்கும்படி போர்டில் எழுதலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்குச் சம்மதம். எண்கள் எல்லோர் கண்முன்னாலும் இருந்தால் ஏலம் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கும், முதல் மணிநேரத்தில் 92 வரை போவதும் குறையும். நண்பரின் தங்கை போர்டு எழுத வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விலைப்பட்டியலையும் திரும்ப அடியிலிருந்து போட வேண்டியிருக்கிறது. 2025-26 சீசனுக்குப் புள்ளி விதி மாறியது. ஒரு ஆட்டத்தில் டிபென்டர் ஒருவர் பந்தை விலக்குவது, தடுப்பது, இடையில் வெட்டுவது, எதிராளியிடமிருந்து பறிப்பது எல்லாம் சேர்த்து 10 முறை செய்தால் 2 புள்ளி. மிட்பீல்டருக்கும் பார்வர்டுக்கும் 12 முறை, அவர்களுக்குப் பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். கீழ்ப்பட்ட கிளப்புகளின் சென்டர்பேக்குகள் நாள் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான். ஆக 33-வது டிபென்டரின் புள்ளி ஏறும், அடிமட்டம் ஏறும், பெரிய கிளப் டிபென்டர்களின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று தெரிய, 2024-25 சீசனின் ஒவ்வொரு டிபென்டருக்கும் இந்த எண்ணிக்கையை ஆட்டம் ஆட்டமாக எடுத்து எக்ஸெலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது எவர்டன் வரை வந்திருக்கிறது.